பறையின் பெயரை இனி வசையாக அச்சிடாதீர்கள்

ஆங்கில நாளிதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவன் நான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலை ஏழு மணி வகுப்பில் முதல் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழ்தான் பாடம். ஒருவர் தலையங்கத்தை உரக்க வாசிப்பார். இன்னொருவர் அதில் வரும் புதுச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அகராதி பார்த்துப் பக்கத்திலேயே பொருளும் எழுதுவார். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் பேப்பர் வாங்க வசதி கிடையாது. வகுப்புக்கு வரும் அந்த ஒரு பிரதியை எல்லோரும் மடிப்புக் கலையாமல் வைத்துப் படிப்பார்கள். உங்கள் எழுத்தை அவ்வளவு மதிக்கிற வாசகர்களிடமிருந்து இந்த மடல் வருகிறது.

போன வருஷம் ஒருநாள் தலையங்கத்தில் 'பரையா' (pariah) என்ற சொல் வந்தது. ஏதோ ஒரு நாட்டைப் பற்றிய கட்டுரை. உலக நாடுகள் அதோடு உறவை முறித்துக்கொண்டு விட்டன, இனி அது ஒரு 'பரையா' நாடு என்று எழுதியிருந்தார்கள். அன்று பலகையில் எழுதும் முறை ஒரு பெண்ணுடையது. அப்பா பறையடிக்கிறவர். எழுத்து எழுத்தாக அந்தச் சொல்லை எழுதிவிட்டு அகராதியைப் புரட்டினாள். 'எல்லோராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவர்' என்று பொருளை எழுதினாள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் சொல்லின் பிறப்பு போட்டிருந்தது: தமிழ், பறையன், பறை அடிப்பவன். அதை அவள் பலகையில் எழுதவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அகராதியோடு வந்து கேட்டாள்: "சார், எங்க அப்பா செய்யற வேலைக்கு உலகம் பூரா இதான் அர்த்தமா?"

எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருஷத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். எதிர்ச்சொல், இணைச்சொல், வாக்கியத்தில் அமைத்தல் என்று எல்லாம் செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு உறைத்ததில்லை. உங்களுக்கும் உறைத்திருக்காது என்று நம்பித்தான் எழுதுகிறேன். தெரிந்தே செய்கிறீர்கள் என்று நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அவளுக்குப் பதில் சொல்ல நான் தேடிப் பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பறை என்ற சொல்லுக்கு எங்கள் மொழியில் இரண்டு பொருள். ஒன்று தோற்கருவி. இன்னொன்று பேச்சு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் 'பற' என்றால் 'சொல்லு' என்றுதான் அர்த்தம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்ற வரிசையில் பறையையும் வைக்கிறது. நிலம் என்று ஒன்று இருந்தால் அதற்கென்று ஒரு பறை இருக்கும். திருப்பாவையின் முதல் பாட்டிலேயே ஆண்டாள் 'நாராயணனே நமக்கே பறைதருவான்' என்கிறாள். மார்கழி மாதம் கோயில் கோயிலாக ஒலிக்கிற வரி அது.

புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாட்டை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். குரவு, தளவு, குருந்து, முல்லை இந்த நான்கைத் தவிர வேறு பூ இல்லை என்கிறார் புலவர். வரகு, தினை, கொள்ளு, அவரை இந்த நான்கைத் தவிர வேறு உணவு இல்லை. அப்புறம், 'துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை'. முல்லைப்பூவும் தினையும் எப்படி அந்த மண்ணின் அடையாளமோ, பறையனும் அப்படி ஒரு அடையாளம். அதில் இழிவு எங்கே இருக்கிறது?

இழிவைப் பிறகு ஏற்றினோம். ஏற்றியது நாங்கள்தான், இதை மறைக்க மாட்டேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் 'பறைச்சேரி' தனியாக வருகிறது, 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய குற்றம் இல்லை இது. அவர்கள் செய்தது வேறொன்று. இங்கே ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்டிருந்த அவமானத்தை, அந்தச் சமூகத்தின் பெயரோடு சேர்த்து மூட்டை கட்டி எடுத்துப் போய், உலகம் முழுவதற்கும் ஒரு பொதுச்சொல்லாக விற்றார்கள்.

1516 வாக்கில் மலபார்க் கரையைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசாவின் குறிப்பிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. ஆங்கில அச்சில் 1613இல் வருகிறது. றகரம் அவர்கள் நாக்கில் ரகரமாக மாறியது. அதுவரை அது ஒரு சாதியின் பெயர் மட்டும்தான். அப்புறம் மதராஸில் குடியேறிய கும்பெனிக்காரர்கள், எது மட்டமானதோ அதற்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்ட ஆரம்பித்தார்கள். தெருநாய் 'பரையா நாய்' ஆனது. வானத்தில் வட்டமிடுகிற கரும்பருந்து 'பரையா பருந்து' ஆனது. மட்டமான சாராயம் 'பரையா சாராயம்' ஆனது. ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியைப் புரட்டினால் இந்த ஒட்டுவேலை முழுவதும் தெரியும்.

ஆனால் அதே அகராதி ஒரு உண்மையையும் சொல்கிறது. சாதியிலிருந்து விலக்கப்பட்டவர் என்ற பொருளில் ஐரோப்பியர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது பிழை, பறையர் என்பது ஒரு முறையான சாதி, அதற்கு மரபுரிமைகள்கூட உண்டு என்கிறது. திருவாரூர்த் திருவிழாவில் பறையர் தலைவர் சாமியோடு யானை மேல் ஏறி வந்து கவரி வீசியதையும், சென்னைக் கருப்பர் நகரத்து அம்மனுக்கு ஊர் சார்பில் தாலி கட்டுகிற மாப்பிள்ளையாகப் பறையர் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததையும் பதிந்திருக்கிறது. ஆக, 'ஒதுக்கப்பட்டவர்' என்ற உங்கள் பொருள் 1886லேயே தப்பு என்று தெரிந்த பொருள். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. பொதுவாகச் சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்க ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1819இலேயே வந்துவிட்டது என்று சொற்பிறப்பு அகராதிகள் காட்டுகின்றன.

இதில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1790களின் தொடக்கத்தில் பெர்னார்தன் த சேன்பியேர் ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேய அறிஞர், அந்தணர்களிடம் கிடைக்காத ஞானத்தைக் காட்டுக் குடிசையில் ஒரு பறையரிடம் பெறுகிறார். அந்தக் கதைக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்தப் பெயரில் நாடகம், கவிதை, இசை நாடகம் என்று வரிசையாக வந்தன. ஜெர்மன் கவி கதேயின் கவிதை 1824இல் வெளிவந்தது. எல்லாம் இரக்கத்தோடு எழுதப்பட்டவைதான். பின்னால் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களைக் குறிக்க இதே சொல்லை எடுத்தார். அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் 1944இல் அந்தச் சொல்லை வைத்தே ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று எழுதிய பெரியவர்கள் இவர்கள். அவர்கள் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் அந்த நூற்றைம்பது வருஷத்தில் அவர்கள் யாரும் இந்தப் பெயருக்கு உரிய மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதே பெயரைத் தலைப்பில் அச்சடித்துக் கடைக்கு அனுப்பினார். எவ்வளவு துணிச்சல் வேண்டும் அதற்கு! அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் நேர் எதிராக நின்றார். இந்தப் பெயரே பிறர் சுமத்தியது, நாம் இந்த மண்ணின் பூர்வத் தமிழர் என்று வாதாடினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி வாராவாரம் எழுதினார். 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுதச் செய்தார். ஒரு பெயரைச் சுமப்பதா இறக்குவதா என்று தலைமுறை தலைமுறையாக அந்தச் சமூகம் தனக்குள் பேசி, சண்டை போட்டு, முடிவெடுத்துக்கொண்டிருந்தது. அந்த உரிமை அவர்களுடையது. உங்கள் தலைப்புச் செய்திக்கு அதில் என்ன வேலை?

'சொல் இவ்வளவு தூரம் வந்துவிட்டது, இன்றைக்கு யாரும் சாதியை நினைத்து எழுதுவதில்லை' என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான வாதம்தான், அதனால் நின்று பதில் சொல்கிறேன்.

சொற்கள் பொருள் மாறுவது எனக்குத் தெரியாததில்லை, அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. 'நைஸ்' என்ற சொல் ஒரு காலத்தில் அறிவில்லாதவன் என்று பொருள் தந்தது. லத்தீனில் 'தெரியாத' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. படிப்படியாக மாறி இன்றைக்கு 'நல்லது, இனிமையானது' என்று வந்து நிற்கிறது. எங்கள் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, இப்போது இரட்டை அடிப்பாகம் உள்ள பெரிய படகுகளுக்குப் பெயராக இருக்கிறது. யாருக்கும் அதில் வருத்தமில்லை.

இதற்கு நெருங்கின கதை 'வில்லன்' என்ற சொல்லுடையது. நிலப்பிரபுவின் பண்ணையில் உழுதவன்தான் முதலில் அந்தப் பெயருக்கு உரியவன். ஏழைக் குடியானவனின் பெயரைக் கெட்டவனின் பெயராக மாற்றியது மேலே இருந்தவர்களின் வாய். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். இன்றைக்கு ஐரோப்பாவில் 'நான் வில்லன் குடும்பத்துப் பிள்ளை' என்று பள்ளிச் சான்றிதழ் வைத்திருக்கிற குழந்தை யாரும் கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லி யாருக்கும் வீடு மறுக்கப்படுவதில்லை, காதலித்ததற்காக யாரும் வெட்டப்படுவதில்லை. எங்கள் ஊரில் அந்தப் பெயர் சாதிச் சான்றிதழில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சுமக்கிற பெண் காலை ஏழு மணிக்கு என் வகுப்பில் உட்கார்ந்து உங்கள் தலையங்கத்தை வாசிக்கிறாள். பழைய பொருள் செத்த பிறகுதான் புதுப்பொருளைக் கவலையில்லாமல் புழங்க முடியும். இங்கே பழைய பொருள் இன்னும் சாகவில்லை.

என் மனதை அதிகம் அறுப்பது இன்னொன்று. நீங்கள் இந்தச் சொல்லை இப்போது யாருக்குச் சூட்டுகிறீர்கள்? நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவுக்குச் சூட்டினீர்கள். 2019இல் ஜோ பைடன், சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகியின் கொலையைப் பற்றிப் பேசும்போது சவூதி அரேபியாவை இந்தச் சொல்லால் குறித்தார். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மேல் படையெடுத்த புதினைக் குறித்தும் இதையே சொன்னார். அது உலகம் முழுவதும் முதல் பக்கத்தில் வந்தது. ஆக, இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உரியவன் குற்றவாளி. கொலை செய்தவன், படையெடுத்தவன், இனவெறி பிடித்தவன். ஒதுக்கப்படுவதற்குத் தகுந்த காரணம் உள்ளவன்.

அந்தப் பெயருக்கு உரிய மக்கள் என்ன குற்றம் செய்தார்கள்? வயலில் நாற்று நட்டார்கள், ஊருக்குச் செய்தி சொல்லப் பறையடித்தார்கள், மதராஸ் படையில் சேர்ந்து பாலமும் பாதையும் போட்டார்கள். ஒதுக்கியவன் செய்ததுதான் குற்றம். உங்கள் வாக்கியத்தில் அது அப்படியே தலைகீழாகிவிடுகிறது. ஒதுக்கியவன் நீதிமான் ஆகிவிடுகிறான், ஒதுக்கப்பட்டவன் குற்றவாளி ஆகிவிடுகிறான். ஒரு சர்வாதிகாரியைத் திட்ட, தீண்டாமையால் மிதிபட்டவர்களின் பெயரைக் கடன் வாங்குகிறீர்கள்.

அதே 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் அதை அக்கறையோடு, பொறுப்போடு எழுதின. வகுப்பில் அந்தச் செய்திகளை நாங்கள் வரி வரியாகப் படித்தோம். இவ்வளவு கவனமாக எழுதத் தெரிந்த உங்களுக்கு உலகச் செய்திப் பக்கத்திலும் அதே கவனம் வருவது பெரிய காரியமில்லை.

மலேசியத் தமிழர்கள் இதற்காகத் தெருவுக்கே வந்தார்கள், தெரியுமா? அங்கே மலாய் மொழியில் 'பறையா' என்பது தமிழரைப் பார்த்து வீசப்படும் வசை. 1971இல் வெளியான 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவலை 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார்கள். அதில் இந்தியர்களைக் குறித்து இந்தச் சொல் வந்திருந்தது. எழுதியவர் அந்த நாட்டின் தேசிய இலக்கியவாதி. ஆனாலும் பெற்றோர்கள் எதிர்த்தார்கள், அமைப்புகள் போராடின, முதலில் திருத்தம் என்றார்கள், கடைசியில் அந்த ஆண்டு முடிவில் பாடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். நாவலைத் தடை செய்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை என் பலகைக்கு முன்னால் நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே சட்டமும் இருக்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்ட பிறகு, பட்டியல் சாதியினர் ஒருவரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வைவது வெளிப்படையான குற்றம். உங்கள் தலையங்கத்தை அந்தச் சட்டத்துக்குள் இழுக்கும் எண்ணம் எனக்கு இல்லை, அது பொருந்தவும் பொருந்தாது. தெருவில் சொன்னால் கைதாகிற சொல், ஒரு எழுத்து மாறி இங்கிலீஷில் வந்தால் நல்ல நடை ஆகிவிடுகிறதே என்பதுதான் ஆற்றாமை.

சரி, வேறு சொல்லுக்கு எங்கே போவது என்று கேட்டால், உங்கள் மொழியிலேயே பொருத்தமானது இருக்கிறது. 'ஆஸ்ட்ரசைஸ்'. பழைய ஏதென்ஸில் குடிமக்கள் உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறி வாக்களிப்பார்கள். ஆறாயிரம் ஓடு சேர்ந்தால் அந்த ஆள் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போக வேண்டும். கூலிக்காரனையும் ஏழையையும் துரத்த ஏற்பட்ட முறை இல்லை அது. தெமிஸ்டோக்ளிஸ் மாதிரி அதிகாரம் முற்றிய பெரிய மனிதர்களுக்காக ஏற்பட்டது. அண்டை நாட்டின் மேல் படையெடுத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? இது போதாதென்றால் 'தனிமைப்பட்ட', 'புறக்கணிக்கப்பட்ட' என்று நேராகச் சொல்லும் எளிய சொற்கள் ஆங்கிலத்தில் எத்தனையோ.

நான் கேட்பது கொஞ்சம்தான். ஒரு தலைவர் பேசியதை மேற்கோளாகப் போடும்போது அவர் சொன்னதைப் போடுங்கள், அதை மாற்றச் சொல்லவில்லை. வரலாறு எழுதும்போதும் எழுதுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலையைப் பற்றிக் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் வந்தது, அந்த அறிக்கையின் தலைப்பிலேயே இந்தப் பெயர் இருக்கிறது, அதை அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. ஆனால் நீங்களாக எழுதுகிற தலைப்பில், தலையங்கத்தில், விளையாட்டுப் பக்கத்தில் இந்தச் சொல்லை உவமையாக வைக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் எது எழுதலாம், எது கூடாது என்று ஒரு நடைக் கையேடு வைத்திருப்பீர்களே, அதில் ஒரு வரி சேருங்கள்.

பங்குனி மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவில் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். தேரடிக்குப் பின்னால் நாலைந்து பேர் வைக்கோலை அள்ளிப் போட்டுத் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் தோல் பக்கத்தைத் தீக்கு நேராகப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். நடுநடுவே விரல் நுனியால் தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். "தோலு இன்னும் குளுந்து கெடக்கு சார், கொஞ்சம் காயட்டும்" என்றார். மாட்டுத்தோலை மரச்சட்டத்தில் இழுத்து, புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டியது, அவரே கட்டியது. இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. முதல் அடி விழுந்ததும் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் முதற்கொண்டு எல்லோருக்கும் கால் தானாக ஆடியது.

மதுரையைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை நீங்களும் போட்டீர்கள். அதை வெட்டி வகுப்புப் பலகைக்குப் பக்கத்தில் அந்தப் பெண்தான் ஒட்டினாள். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. உங்கள் கையேட்டில் அந்த ஒரு வரி சேர்ந்தால், அந்தப் பக்கத்தை நகல் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அவளையே ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆங்கில ஆசிரியர்